முடிவிலாக் கலமும் ஹேபிளிக் கண்ட எல்லையும்

நரை, திரை, மூப்பு என்னும் மூன்றினையும் மாந்தர் பன்னெடுங்காலமாக உடம்பிற்குப் புறத்தேயிருந்து வந்துற்ற கேடுகளாகவே எண்ணி வந்தனர். உடம்பு கோடானுகோடி உயிர்க்கலங்களால் ஆயது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் தெளிவானபின், அவ்வெண்ணம் புதியதொரு வினாவாக உருவெடுத்தது. மூப்பெய்துவது உடம்பா, அன்றி அதனை ஆக்கிய கலங்களா? ஒரு கலத்தை உடம்பினின்றும் பிரித்தெடுத்து, வேண்டும் உணவெல்லாம் ஊட்டி வளர்ப்போமாயின், அஃது என்றும் இளமை குன்றாது பெருகிக்கொண்டே இருக்குமா? இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி முழுவதும் அறிவுலகம் இவ்வினாவிற்கு ‘ஆம்’ என்னும் விடையை ஐயமின்றி நம்பியிருந்தது. அவ்விடை பிழையானது. அதனைப் பிழையெனக் காட்டியவர் லெனாட் ஹேபிளிக் என்னும் அமெரிக்க அறிஞர். அவர்தம் ஆராய்ச்சி வாழ்க்கையையும், மூப்பினைப் பற்றிய ஆய்விற்கும் மூலக்கலங்களைப் பற்றிய ஆய்விற்கும் அதனால் விளைந்த பயனையும் ஈண்டு நோக்குவாம்.

ஹேபிளிக் என்ன செய்தார் என்பதை அறிதற்கு, அவர் எதனை எதிர்த்து நின்றார் என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். 1912 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 17 ஆம் நாள், நியூயோர்க் நகரத்து றொக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றிய அலெக்சிஸ் கரல் என்னும் பிரெஞ்சு மருத்துவர், முட்டையினுள் வளரும் கோழிக்குஞ்சின் இதயத்திலிருந்து சிறு துண்டொன்றை எடுத்துக் கண்ணாடிக் குடுவையில் வளர்க்கத் தொடங்கினார். குருதியின் தெளிநீரும், கோழி முளையத்தை அரைத்துப் பிழிந்த சாறும் அதற்கு உணவாயின. அதே ஆண்டில், குருதிக் குழாய்களைத் தைத்துப் பொருத்தும் முறையைக் கண்டமைக்காகக் கரலுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய புகழ் வளர வளரக் குடுவையிலிருந்த இழையத்தின் புகழும் வளர்ந்தது. அதனைப் பேணும் பொறுப்பை அல்பேட் எபெலிங் என்னும் உதவியாளர் ஏற்றார். ஆண்டுதோறும் அதன் ‘பிறந்தநாளை’ நியூயோர்க் செய்தித்தாள் நினைவூட்டிற்று. கரல் 1944 இல் மறைந்தார். வளர்ப்போ 1946 வரையும் பேணப்பட்டு, அதன்பின் வேண்டுமென்றே நிறுத்தப்பட்டது. 34 ஆண்டுகள்! பத்தாண்டு வாழ்ந்த கோழியையே நாம் முதுகோழி என்போம். அத்தகைய பறவையின் கலங்கள் மூன்று தலைமுறைக் கோழிகளின் வாழ்நாளைக் கடந்து நின்றன என்றால், மூப்பு கலத்தில் இல்லை, கலங்கள் கூடியமைந்த உடம்பிலேயே உள்ளது என்ற முடிவு தவிர்க்கவியலாததாயிற்று.

இம்முடிவிற்கு மாறான கருத்தொன்று முன்னரே எழுந்திருந்தது. ஓகஸ்ற் வைசுமன் என்னும் ஜேர்மானிய உயிரியலறிஞர் 1881 ஆம் ஆண்டிலேயே, தேய்ந்த இழையங்களை உடம்பு என்றென்றும் புதுப்பித்துக்கொள்ள இயலாது என்றும், உடற்கலங்கள் பிரிந்து பெருகும் ஆற்றலுக்கு ஓர் எல்லை உண்டு என்றும் கூறியிருந்தார். அஃது அறிவாற் கண்ட ஊகமே. சோதனைவழிக் கண்ட முடிபன்று. ஆதலின் கரலின் குடுவைக்குமுன் அது நிற்கமாட்டாது ஒழிந்தது.

கரலின் சோதனையை வேறெவரும் செய்து பார்க்கவில்லையா என மாணவர் வினவக்கூடும். செய்தனர். பலர் செய்தனர். அவர்தம் கலங்கள் சில திங்கள் பெருகி ஓய்ந்தன. எனினும் அவர்கள் கரலை ஐயுறவில்லை; தம்மையே ஐயுற்றனர். ஊட்டநீர் சரியில்லை, குடுவை தூய்மையாகக் கழுவப்படவில்லை, கை பழகவில்லை என்றவாறு காரணம் கற்பித்துக்கொண்டனர். கரல் தம் ஆய்வுகூடத்தை நடத்திய முறையும் இதற்கு ஏதுவாயிற்று. கறுப்பு அங்கியும் கறுப்பு முகமூடியும் அணிந்த பணியாளரும், எண்ணற்ற தூய்மை விதிகளும் சூழ அமைந்த அக்கூடம், இக்கலை எல்லார்க்கும் கைவருவதன்று என்னும் அச்சத்தைப் பிறர்க்கு விளைத்தது. தோல்வியுற்றவன் தன் தோல்வியை ஏட்டில் எழுதி வெளியிடுவதும் அரிது. இவ்வாறு நூற்றுக்கணக்கான கூடங்களிற் கண்ட உண்மை, கண்டவர்க்கே பிழையாகத் தோன்றி மறைந்தது. பிற்காலத்தார், நாடோறும் ஊட்டிய முளையச் சாற்றிலேயே புதிய உயிர்க்கலங்கள் சில தங்கியிருந்து வளர்ப்பினுட் புகுந்திருத்தல் வேண்டும் என்று விளக்கினர். அது கவனக்குறைவால் நிகழ்ந்ததா, அறிந்தே செய்யப்பட்டதா என்பது பற்றி அறிஞரிடையே இன்றும் ஒருமைப்பாடில்லை. கரலின் முடிபை மீளச் செய்துகாட்ட எவராலும் இயலவில்லை என்பது மட்டும் உறுதி.

1940 களில் எலியின் கலங்களும், 1951 இல் போல்ரிமோர் நகரில் ஹென்றியெற்றா லாக்ஸ் என்னும் பெண்மணியின் புற்றிலிருந்து எடுத்த ‘ஹீலா’ கலங்களும் உண்மையிலேயே முடிவின்றிப் பெருகின. அவை கரலின் கொள்கைக்குக் கிடைத்த சான்றுகளாகவே கொள்ளப்பட்டன. அவை இயல்பான கலங்கள் அல்ல, நிறமூர்த்தங்கள் சிதைந்து புற்றுத்தன்மை எய்தியவை என்னும் வேறுபாடு அக்காலத்தில் போதிய அளவு கருதப்படவில்லை.

ஹேபிளிக் 1928 மே 20 இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிற் பிறந்தார். தந்தையார் செயற்கைப் பற்கள் அமைக்கும் தொழிலினர். சிறுபராயத்திற் கிடைத்த இரசாயனப் பெட்டியொன்று அவரை அறிவியலின்பால் ஈர்த்தது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் பயின்று, 1956 இற் கலாநிதிப் பட்டம் பெற்றார். ரெக்சாஸ் மாநிலத்துக் கல்வெஸ்ரன் நகரில் இரண்டாண்டு இழைய வளர்ப்புப் பயின்றபின், 1958 இற் பிலடெல்பியாவிலுள்ள விஸ்ரார் நிலையத்திற் சேர்ந்தார். ஆங்குப் பிற ஆய்வாளர்க்கு வேண்டிய கலவளர்ப்புக்களை ஆயத்தம் செய்து கொடுப்பதே அவருக்கு விதிக்கப்பட்ட பணி. பெரும்பெயர் பெற்ற பணியன்று.

மூப்பினை ஆராயும் எண்ணம் அவர்க்கு அந்நாளில் இருந்ததில்லை. மனிதப் புற்றுநோய்க்கு வைரசுகள் காரணமாகுமா என்பதே அவர் அறிய விரும்பியது. அதற்கு வைரசுத் தொற்றற்ற இயல்பான மனிதக் கலங்கள் வேண்டியிருந்தன. தாயின் வயிற்றில் உள்ள சிசு பிறநோய்த் தொற்றிற்குப் பெரும்பாலும் ஆட்படாதது ஆதலின், மருத்துவரால் கருக்கலைக்கப்பட்ட சிசுக்களின் இழையத்திலிருந்து அவர் கலங்களை வளர்த்தார். அவை சிறப்பாகப் பெருகின. சில திங்கள் கழிந்ததும் முதலிற் தொடங்கிய வளர்ப்புக்கள் மந்தமாகி நின்றன. ஏனையோரைப் போன்றே அவரும் குடுவையையும் ஊட்டநீரையும் ஐயுற்றார். ஆயின் ஒன்று அவர் கண்ணிற் பட்டது. அதே நாளில், அதே ஊட்டநீரில், அதே பணியாளர் கையால் பேணப்பட்ட இளைய வளர்ப்புக்கள் செழித்திருந்தன. குறை நீரிலேனும் கையிலேனும் இருந்திருப்பின் யாவும் ஒருங்கே வாடியிருத்தல் வேண்டுமன்றோ? ஓய்ந்தவை எவை என ஏட்டைப் புரட்டிப் பார்த்தார். ஐம்பது முறையளவில் இரட்டித்து முடிந்தவையே ஓய்ந்திருந்தன.

இரட்டித்தல் என்பதைச் சிறிது விளக்குதல் நன்று. குடுவையின் அடியிற் பரவும் கலங்கள் இடம் முழுவதையும் நிரப்பியதும், அவற்றைப் பிரித்தெடுத்து இரு குடுவைகளில் இடுவர். அவ்விரண்டும் நிரம்பினால் ஓர் இரட்டிப்பு முடிந்தது எனக் கொள்வர். ஒரேயொரு கலம் ஐம்பது முறை இரட்டிக்குமாயின் பத்துக் கோடி கோடிக்கு மேற்பட்ட கலங்கள் உண்டாகும். எனவே ஐம்பது என்னும் எல்லை சிறிதென மயங்கற்க. மனிதன் ஒருவனின் வாழ்நாட் தேவைக்கு அது போதியதே.

நிறமூர்த்தங்களை ஆராய்வதில் வல்லவரான போல் மூர்கெட் என்பாருடன் கூடி ஹேபிளிக் செய்த சோதனை, எளிமையிலும் அழகிலும் நம் ஆய்வுகூட மாணவர் நெஞ்சில் நிறுத்தத்தக்கது. நாற்பது முறை இரட்டித்து முதுமையடைந்த ஆண் கலங்களையும், பத்து முறையே இரட்டித்த இளைய பெண் கலங்களையும் சம அளவில் ஒரே குடுவையிற் கலந்தனர். ஆண் கலத்தையும் பெண் கலத்தையும் நிறமூர்த்தங்களைக் கொண்டு பிரித்தறிதல் எளிது. கலப்பில்லாத முதிய ஆண் கலங்களைத் தனியே வேறொரு குடுவையிற் பேணினர். தனித்திருந்த ஆண் கலங்கள் பெருகுதலை நிறுத்திய காலத்தில் கலப்புக் குடுவையை ஆராய்ந்தபோது, அங்கே பெண் கலங்களே காணப்பட்டன. குடுவை ஒன்று, ஊட்டநீர் ஒன்று, கை ஒன்று. இருந்தும் முதியவை ஓய, இளையவை பெருகின. ஒளித்திருக்கும் வைரசோ நஞ்சோ காரணமாயின் அவை ஆண், பெண் என வேறுபாடு பாரா. ஆகவே எண்ணிக்கை கலத்தினுள்ளேயே நடைபெறுகின்றது என்னும் முடிபு ஏற்பட்டது. தம் முடிபை நம்பாத மூத்த அறிஞர் சிலர்க்கு ஹேபிளிக் தம் கலங்களை அனுப்பி, இன்ன காலத்தில் இவை ஓயும் என முன்கூட்டியே எழுதினார். அவ்வாறே ஓய்ந்தன என அவர்கள் அறிவித்தபின்னரே கட்டுரையை வெளியிடும் துணிவு தமக்கு வந்ததெனப் பின்னாளில் அவர் கூறினார்.

கட்டுரை முதலில் அனுப்பப்பட்ட சஞ்சிகை, 1912 இற் கரலின் ‘நிலைபேறுடைய’ இழையம் பற்றிய கட்டுரையை வெளியிட்ட அதே றொக்பெல்லர் நிலையச் சஞ்சிகை. அதன் பதிப்பாசிரியர் பெய்ற்றன் றௌஸ் அதனை ஏற்க மறுத்தார். தக்க சூழல் அமையுமாயின் கலங்கள் முடிவின்றிப் பெருகும் என்பதே ஐம்பதாண்டு இழைய வளர்ப்பின் பெரும்பேறு என்றும், கலமட்டத்தில் மூப்பு உண்டெனல் துடுக்கான ஊகம் என்றும் அவர் கருதினார். இந்த றௌஸ் யார்? கோழியின் புற்று ஒன்றுக்கு வைரசு காரணம் என 1911 இற் காட்டி, பல்லாண்டு புறக்கணிக்கப்பட்டு, 1966 இல், தமது எண்பத்தேழாம் வயதிலே, நோபல் பரிசு பெற்ற பேரறிஞர். புதிய உண்மை புறக்கணிக்கப்படுவதன் கசப்பை அவரினும் அறிந்தவர் இலர். எனினும் அடுத்தவர் உண்மை தம் வாயிலில் வந்து நின்றபோது அவரால் அதனை அடையாளங்காண இயலவில்லை. பொறாமையோ தீய எண்ணமோ இதற்குக் காரணம் எனக் கொள்ளல் முறையன்று. நிறுவப்பட்ட கொள்கையென்பது அறிவுடையார் கண்ணையும் மறைக்கவல்லது. கட்டுரை 1961 இறுதியில் வேறொரு சஞ்சிகையில் வெளியாயிற்று. இன்று அஃது உயிரியலின் பெரும்பனுவல்களுள் ஒன்றாக மதிக்கப்படுகின்றது. 1965 இல் ஹேபிளிக் மீண்டுமொரு கட்டுரையில் தம் முடிபை விரித்துரைத்தார். ஒன்பது ஆண்டுகளின்பின், 1974 இல், அவுஸ்திரேலிய அறிஞர் மக்பார்லன் பேணெற் இவ்வரையறைக்கு ‘ஹேபிளிக் எல்லை’ எனப் பெயரிட்டார்.

1965 ஆம் ஆண்டுக் கட்டுரையில், வளர்ந்தவர் உடம்பிலிருந்து எடுத்த கலங்கள் சிசுவின் கலங்களிலும் குறைந்த முறையே இரட்டிக்கும் என்பதும் காட்டப்பட்டது. கொடுத்தவர் வயது ஏற ஏற எஞ்சிய எண்ணிக்கை குறையும் என்று பலர் இதனை விரித்துக்கொண்டனர். 1998 இல் நலமுடையார் பலரின் கலங்களைக் கொண்டு செய்யப்பட்ட மறுஆய்வு, வயதுக்கும் எண்ணிக்கைக்கும் அத்தகைய நேர்த்தொடர்பு இல்லையெனக் காட்டிற்று. எல்லை உண்டென்பது நிலைபெற்றது. அதனைக் கொண்டு ஒருவரின் எஞ்சிய ஆயுளை அளக்கலாம் என்பது நிலைபெறவில்லை.

அடுத்து அவர் செய்த பணி, மூப்பினை அறியாத பச்சிளங் குழந்தைகளுக்கே பெரிதும் பயன்பட்டது. அந்நாளில் இளம்பிள்ளைவாதத் தடுப்பு மருந்திற்குரிய வைரசுகள் குரங்கின் சிறுநீரகக் கலங்களில் வளர்க்கப்பட்டன. அக்கலங்களில் ‘எஸ்.வி. 40’ எனப்படும் குரங்கு வைரசு மறைந்திருந்தது 1960 இல் தெரியவந்தது. அதற்குள் கோடிக்கணக்கானோர் அத்தடுப்பு மருந்தைப் பெற்றிருந்தனர். தூய மனிதக் கலங்களில் வைரசை வளர்த்தால் இவ்விடர் நீங்கும் என்பது ஹேபிளிக்கின் கருத்து. 1962 இல், சுவீடன் நாட்டிற் சட்டப்படி கருக்கலைக்கப்பட்ட பெண்சிசு ஒன்றின் நுரையீரலிலிருந்து ‘டபிள்யூ.ஐ. 38’ என்னும் கலவழியை உருவாக்கினார். எண்ணூறுக்கு மேற்பட்ட சிறு கண்ணாடிச் சிமிழ்களில் அதனை அடைத்து உறையவைத்தார். உறைந்த கலங்கள் தம் கணக்கை மறப்பதில்லை என்பதும் இதன்வழி அறியப்பட்டது. இருபதாம் இரட்டிப்பில் உறைவிக்கப்பட்டவை, எத்துணைக் காலம் கழித்து உருக்கினும், எஞ்சிய முப்பதையே செய்து ஓயும்.

மனிதக் கலங்களிற் புற்றுத்தன்மை ஒளிந்திருக்கலாம் என அமெரிக்க அதிகாரிகள் அஞ்சினர். ஹேபிளிக் இதற்கு அளித்த மறுமொழி நுட்பமானது: புற்றுக்கலம் சாவதில்லை, இவை ஓய்ந்து போகின்றன, ஓய்ந்து போவதே இவற்றின் இயல்புத்தன்மைக்குச் சான்று. ஐரோப்பிய நாடுகள் சில முன்னரே இணங்கின. அமெரிக்காவில் 1972 இலேயே இக்கலங்களில் ஆக்கிய இளம்பிள்ளைவாதத் தடுப்பு மருந்துக்கு உரிமம் கிடைத்தது. 1964 – 65 இல் அந்நாட்டிற் பரவிய ருபெல்லா என்னும் ஜேர்மன் சின்னமுத்தினால் ஏறத்தாழ 20,000 குழந்தைகள் குறைபாட்டுடன் பிறந்தன. கண்ணொளியும் செவிப்புலனும் இழந்தவை பல. விஸ்ரார் நிலையத்தில் ஹேபிளிக்குடன் பணியாற்றிய ஸ்ரான்லி புளொட்கின், இக்கலங்களிலேயே ருபெல்லாத் தடுப்பு மருந்தை ஆக்கினார். அது 1979 இல் அமெரிக்காவில் உரிமம் பெற்றுப் பின்னர் உலகெங்கும் பரவிற்று. நம் இலங்கையிலும் 1996 முதல் ருபெல்லாத் தடுப்பூசி வழங்கப்பட்டு வருகின்றது. விசர்நாய்க்கடி நோய், கொப்புளிப்பான் முதலியவற்றிற்கும் டபிள்யூ.ஐ. 38 இலோ, அதனைப் பின்பற்றி 1966 இல் இங்கிலாந்தில் உருவாக்கிய எம்.ஆர்.சி. 5 என்னும் கலவழியிலோ தடுப்பு மருந்துகள் ஆக்கப்பட்டன.

இவ்விடத்தில் ஒன்றை மறைக்காது கூறுதல் கடன். அந்தச் சுவீடன் நாட்டுத் தாயிடம் எவரும் இசைவு கேட்கவில்லை. தம் சிசுவின் இழையம் உலகெங்கும் பயன்படுவதைப் பல ஆண்டுகளின் பின்னரே அவர் அறிந்தார். ஹென்றியெற்றா லாக்ஸிடமும் எவரும் கேட்டாரல்லர். அக்காலத்தில் அதுவே வழக்கம் என்பர். வழக்கமாயிருந்தமை அதனை நேரியதாக்காது. கோடிக்கணக்கான குழந்தைகள் உய்ந்தமையும், ஒரு பெண்ணை ஒரு சொல் கேளாமையும் ஒரே வரலாற்றில் அருகருகே நிற்கின்றன. ஒன்று மற்றொன்றைத் துடைத்துவிடுவதில்லை.

தாயிடம் எழுப்பப்படாத உடைமை வினா, அறிஞரிடையே பெரும்பூசலாக எழுந்தது. 1968 இல் ஹேபிளிக் கலிபோர்ணியாவிலுள்ள ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்திற்குப் பேராசிரியராகச் சென்றார். எஞ்சியிருந்த சிமிழ்களைத் திரவ நைதரசன் நிரப்பிய கொள்கலத்திலிட்டுத் தம் மோட்டார் வண்டியில், பிள்ளைகளுக்கு அருகே வைத்து, நாட்டின் கீழ்க்கோடியிலிருந்து மேற்கோடிக்குக் கொண்டுபோனார். அரசாங்கச் செலவிற் பேணப்பட்ட கலங்கள் ஆதலின் அவை அரசுக்குரியன என்பது அமெரிக்கத் தேசிய சுகாதார நிலையங்களின் கொள்கை. பிற ஆய்வாளர்க்குக் கலங்களை அனுப்புகையில் அவர் பெற்ற பணமும் குற்றமாக எடுத்துரைக்கப்பட்டது. 1975 இல் விசாரணை தொடங்கிற்று. 1976 இல் அவர் ஸ்ரான்போட்டினின்றும் விலகினார். அவ்வறிக்கை வெளியிடப்பட்டுச் செய்தித்தாள்களில் அவர் பெயர் களவுக் குற்றத்தோடு சேர்த்துப் பேசப்பட்டது. அவர் அரசின்மேல் வழக்குத் தொடுத்தார். வழக்கு நீண்டு, 1981 இல் உடன்பாட்டில் முடிந்தது. பணமும் தொடக்கச் சிமிழ்களுள் ஆறும் அவர்க்கே விடப்பட்டன. மறு ஆண்டு 85 அறிவியலறிஞர் ஒருங்கு கையொப்பமிட்டு அவருக்குச் சார்பாக எழுதினர்.

இவ்வழக்கில் ஹேபிளிக் முற்றும் குற்றமற்றவர் என்று கூற யாம் துணியோம். ஒப்பந்தப்படி பிறரிடம் ஒப்படைக்க வேண்டியவற்றை அவர் சொல்லாமல் எடுத்துச் சென்றது உண்மையே. எனினும் காலத்தின் விந்தையைக் காண்க. 1980 இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் ஆய்வுகூடத்தில் ஆக்கிய உயிரிக்கும் காப்புரிமை உண்டெனத் தீர்த்தது. அதே ஆண்டில், அரசுப் பணத்தால் விளைந்த கண்டுபிடிப்புக்களைப் பல்கலைக்கழகங்கள் தம் உடைமையாக்கலாம் எனச் சட்டமும் பிறந்தது. சில ஆண்டுகள் முன்பு ஒருவரைப் பதவியிழக்கச் செய்த செயல், அதன்பின் பேராசிரியர் பலர்க்குச் செல்வமும் சிறப்பும் தரும் வழக்காயிற்று. ஹேபிளிக்கோ ஓக்லண்ட் நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனை, புளோரிடாப் பல்கலைக்கழகம், 1988 முதல் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் சான்பிரான்சிஸ்கோ மருத்துவக் கல்லூரி என இடம் மாறி மாறிப் பணிபுரிந்தார்.

கலம் தன் வயதை எவ்வாறு எண்ணுகின்றது? 1975 இல் ஹேபிளிக்கும் அவர் மாணவர் வூட்றிங் றைற்றும் கலங்களின் கருவை மாற்றிப் பார்த்து, எண்ணுங்கருவி கருவினுள்ளேயே உள்ளது எனக் கண்டனர். அதற்கு மேல் அவர் செல்லவில்லை. விடையின் முதற்பொறி மொஸ்கோ நகரிலே தோன்றியிருந்தது. 1966 இல் ஆங்கோர் விரிவுரையில் ஹேபிளிக் எல்லையைப் பற்றிக் கேட்ட அலெக்சி ஒலொவ்னிகொவ், வீடு திரும்பும் வழியிற் சுரங்கப்பாதைப் புகையிரத நிலையத்தில் நின்றார். வண்டி வந்து நிற்பதைக் கண்ட அளவில் அவர்க்கு ஒன்று தோன்றிற்று. டீ.என்.ஏ. இழை தண்டவாளம், அதனைப் படியெடுக்கும் நொதியம் அதன்மேல் ஓடும் வண்டி. வண்டியின் முகப்புக்கும் முதற் கதவுக்கும் இடையே ஒரு சிறு தூரம் உள்ளதன்றோ? அதுபோல இழையின் நுனியிற் சிறு பகுதி படியெடுக்கப்படாது விடுபடும். ஒவ்வொரு பிரிவிலும் நுனி குறுகும். குறுகிக் குறுகி ஓரளவில் பிரிதல் நிற்கும். 1971 இல் இக்கருத்தை உருசிய மொழியில் வெளியிட்டார். நுனி முற்றாகப் படியெடுக்கப்படாமையை மறு ஆண்டு ஜேம்ஸ் வற்சனும் தனியே சுட்டிக்காட்டினார்.

கருத்து மெய்ப்படுவதற்கு இருபதாண்டு சென்றது. எலிசபெத் பிளக்பேண், குளத்துநீரில் வாழும் ஒருகலவுயிர் ஒன்றின் நிறமூர்த்த நுனியில் ஒரே தொடர் மீண்டும் மீண்டும் வருவதை 1978 இற் கண்டார். அந்நுனியை நீட்டவல்ல நொதியத்தின் முதற் சான்றை, அவர் மாணவி கரொல் கிறைடர் 1984 நத்தார் நாளிற் கண்டார். ‘ரெலோமரேசு’ எனப் பெயர்பெற்ற அதன்பொருட்டு 2009 இல் இவ்விருவர்க்கும் ஜாக் சொஸ்ரக்குக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. மனிதக் கலம் குடுவையில் முதிர முதிர நுனி குறுகுவதை 1990 இற் கல்வின் ஹாளியும் கிறைடர் முதலியோரும் அளந்து காட்டினர். 1998 இல் அந்நொதியத்தை இயல்பான கலத்துட் புகுத்தியபோது கலங்கள் ஹேபிளிக் எல்லையைக் கடந்து பெருகின. புற்றுத்தன்மை அவற்றில் தோன்றவில்லை. ஹேபிளிக்குக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை.

ஒலொவ்னிகொவ் கேட்ட விரிவுரையை ஆற்றியவர் அலெக்சாந்தர் பிரீடென்ஸ்ரைன். எலும்பு மச்சையில், எலும்பை ஆக்கவல்ல மூலக்கலங்கள் உள்ளமையைக் கண்டவர் அவரே. மூப்பாய்வும் மூலக்கல ஆய்வும் தொடக்கத்திலேயே இவ்வாறு ஒரு மண்டபத்திற் சந்தித்தன. மூலக்கலமாவது — தமிழ்நாட்டார் குருத்தணு என்பர் — தன்னைப்போன்ற கலத்தையும், தொழிலுக்கேற்ப வேறுபட்ட கலத்தையும் ஈன்று, தேய்ந்த இழையத்தைப் புதுப்பிக்கும் கலம். ஹேபிளிக்கின் கட்டுரை வெளியான அதே 1961 இல், கனடாவின் ரொரன்ரோ நகரில் ஜேம்ஸ் ரில், ஏர்ணெஸ்ற் மக்கலொக் என்னும் இருவர், கதிர்வீச்சுக்கு ஆளான எலிக்கு மச்சைக் கலங்களைச் செலுத்தி, அதன் மண்ணீரலில் சிறு முடிச்சுக்கள் எழுவதைக் கண்டனர். ஒவ்வொரு முடிச்சும் ஒற்றைக் கலத்தின் வழித்தோன்றல் எனப் பின்னர் நிறுவப்பட்டது. குருதியைப் புதுப்பிக்கும் மூலக்கலம் இருத்தலுக்கு அதுவே முதற் சான்று.

இவை இரண்டும் முரணுவன போலத் தோன்றும். உடற்கலத்திற்கு எல்லை உண்டாயின், வாழ்நாள் முழுவதும் நாடோறும் கோடானுகோடி குருதிக்கலங்கள் உண்டாவது எங்ஙனம்? ரெலோமரேசு இதனை விளக்கிற்று. கருவணுக்களிலும் முளைய மூலக்கலங்களிலும் அந்நொதியம் நன்கு தொழிற்படும். வளர்ந்த உடம்பின் மூலக்கலங்களிற் சிறிதளவே தொழிற்படும். ஏனைய பெரும்பாலான உடற்கலங்களில் அடங்கிக் கிடக்கும். பிறவியிலேயே அது குறைவுபட்டோர்க்கு மச்சையின் மூலக்கலங்கள் இளமையிலேயே சோர்ந்து, குருதி உற்பத்தி குன்றிப்போவது 1999 முதல் ஆராய்ந்து அறியப்பட்டது. குடுவையிற் கண்ட எல்லை உடம்பிலும் உண்மையெனக் காட்டும் சான்றுகளுள் இதனை வலிமைமிக்கதாக யாம் கருதுகின்றோம்.

யப்பானிய அறிஞர் சின்யா யமனாகா 2006 இல் நான்கு பரம்பரையலகுகளைப் புகுத்தி எலியின் தோற்கலங்களையும், 2007 இல் மனிதக் கலங்களையும் முளைய மூலக்கலங்களின் நிலைக்கு மீட்டார். 2012 இல் அவருக்கும் ஜோன் கேடனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 2011 இற் பிரான்சு நாட்டின் மொன்பெலியே நகரில் ஜீன் மார்க் லெமைத்திரும் அவர் குழுவினரும், ஆறு பரம்பரையலகுகளைப் பயன்படுத்தி, ஹேபிளிக் எல்லையை எட்டி ஓய்ந்த கலங்களையும், நூறாண்டைக் கடந்தோரின் கலங்களையும் அந்நிலைக்கு மீட்டனர். குறுகிய நுனிகள் மீண்டும் நீண்டன. ஹேபிளிக் பிழைபட்டார் என்பது இதன் பொருளன்று. இயல்பான உடற்கலத்தையும் முடிவிலாக் கலத்தையும் முதன்முதல் வேறுபிரித்துக் காட்டியவர் அவர். ஒன்றினை மற்றொன்றாக மாற்றும் வழியைப் பின்வந்தோர் கண்டனர்.

முதுமையில் ஹேபிளிக் கடிந்து பேசியது மூப்பை மாற்றுவோம் எனக் கூறி மருந்து விற்போரையே. மூப்பு வேறு, மூப்பிற் தோன்றும் நோய்கள் வேறு என்பது அவர் ஓயாது வற்புறுத்திய கருத்து. மக்கள் தம் கலங்கள் பெருகும் ஆற்றல் தீர்ந்தமையால் இறப்பதில்லை. அவ்வெல்லையை எட்டுமுன்னரே கலங்களின் தொழில் பலவாறு தளர்கின்றது என்பதனையும் அவரே எடுத்துரைத்தார். 2002 இல் அவரும் ஜே ஒல்சான்ஸ்கி, புரூஸ் கான்ஸ் என்பாரும் எழுதி, 51 அறிஞர் ஏற்றுக்கொண்ட அறிக்கை, அன்று சந்தையிலிருந்த எந்த மருந்தும் மூப்பைத் தடுப்பதாக நிறுவப்படவில்லை எனத் தெளிவாகக் கூறிற்று. இதில் அவர் கண்டிப்பு சிறிது மிகையோ என எண்ண இடமுண்டு. பெருகுதல் ஓய்ந்த கலங்களை எலியின் உடம்பினின்றும் நீக்கியபோது தசைத் தளர்ச்சியும் கண்புரையும் தாமதித்தன என 2011 இல் மேயோ மருத்துவ நிலையத்தார் காட்டினர். அவர் 1961 இற் குடுவையிற் கண்ட ஓய்ந்த கலங்களே, அவர் தொடமுடியாது என்ற மூப்பைச் சிறிதேனும் தொடும் வாயிலாக இன்று ஆராயப்படுகின்றன. மனிதரிடத்து அவ்வாய்வு இன்னும் முடிந்த முடிபாகவில்லை.

2024 ஓகஸ்ற் 1 இல், கலிபோர்ணியாவில், தமது 96 ஆம் வயதில் ஹேபிளிக் மறைந்தார். ருபெல்லா முதலியவற்றின் தடுப்பு மருந்துகள் டபிள்யூ.ஐ. 38, எம்.ஆர்.சி. 5 என்னும் கலவழிகளில் தொடர்ந்து ஆக்கப்பட்டு வருகின்றன.